கைகோக்கும் முன் ஒரு வார்த்தை

நீலகிரியிலும் கீழே கோவை வரையிலும் மருந்து, தடுப்பூசி, மருத்துவப் பொருள் தொழில்களில் இருக்கும் தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும் அந்நிறுவனங்களின் நிர்வாகத்தாருக்கும் ஒரு திறந்த மடல்

தோழர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

மருந்துத் தொழிலில் இருக்கும் வேலைகளைக் காப்பாற்றத் தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று உங்களிடையே பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். என் கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகள் ஆளுக்கொரு விதமாக இதைச் சொல்கிறார்கள். சிலர் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். சிலர், ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் என்று சிரிக்கிறார்கள். இரு தரப்பும் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்பதால், அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் சங்கத்திலும் இல்லை, நிர்வாகத்திலும் இல்லை. குன்னூரில் மருந்துக் கடை நடத்துகிறேன். நீங்கள் செய்து அனுப்பும் சரக்கின் கடைசி முனையில், நோயாளிக்கு நேர் எதிரே நிற்பது என் போன்றவர்கள்தான். தேயிலை பறித்துவிட்டு மாலையில் வரும் பெண்கள், அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்கள், மேல் குன்னூர் பங்களாக்களில் தோட்ட வேலை பார்ப்பவர்கள் என் வாடிக்கையாளர்கள். மருத்துவர் முப்பது நாளுக்கு எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையைப் பத்து நாளுக்கு மட்டும் கேட்பவர்கள். அவர்களுக்காக ஸ்ட்ரிப்பைக் கத்தரிக்கும்போது காலாவதித் தேதி அச்சிட்ட பக்கம் யார் கையில் போகிறது என்ற கவலை எனக்கு அன்றாடம் உண்டு. இதை எந்த மருந்து நிறுவனமும் இன்றுவரை யோசித்ததாகத் தெரியவில்லை. அது வேறு கதை.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அரசு விலை நிர்ணயிக்கும் மருந்துகளில் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் கிடைக்கும். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கும் கணக்கு அது. மருந்தின் விலை ஏறினால் என் பங்கும் கூடவே ஏறும். ஆகவே, விலையைப் பற்றி இந்த மடலில் நான் சொல்லப்போவது என் கல்லாவுக்கே விரோதமானது.

நீங்கள் பேசும் இந்த யோசனை அமெரிக்காவில் பழையது. அங்கே பார்மசூட்டிகல் இண்டஸ்ட்ரி லேபர் மேனேஜ்மென்ட் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. மின்பணியாளர்கள், குழாய் பொருத்துபவர்கள், இரும்புக் கட்டுமானத் தொழிலாளர்கள் போன்றோரின் சங்கங்களும் பெரிய மருந்து நிறுவனங்களும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. கணக்கு எளிது. மருந்து ஆலையும் ஆராய்ச்சிக்கூடமும் எழும்பினால் அந்தக் கட்டுமான வேலை சங்க உறுப்பினர்களுக்குக் கிடைக்கும். பதிலுக்கு, மருந்து விலையில் அரசு கைவைக்க வரும்போது சங்கங்கள் நிறுவனங்களுக்காகப் பேசும். விலையை அமுக்கினால் ஆராய்ச்சி குறையும், ஆலை குறையும், வேலையும் குறையும் என்பது அவர்களது வாதம்.

இதில் ஒரு பாதியை நான் மதிக்கிறேன். பயிற்சி பெற்ற கைகளால், நியாயமான கூலிக்கு, பாதுகாப்போடு ஆலை எழ வேண்டும் என்று பன்னாட்டு நிறுவனங்களையே ஒப்புக்கொள்ள வைத்தது சாதாரணக் காரியம் இல்லை. நம் பக்கத்தில் எந்த மருந்து நிறுவனம் தன் ஆலையைக் கட்டும் கொத்தனாரின் சங்கத்தோடு உட்கார்ந்து பேசியிருக்கிறது?

மறுபாதிதான் உறுத்துகிறது. அந்நாட்டுச் சங்கங்கள் பல, உறுப்பினர்களின் மருத்துவச் செலவுக்காக முதலாளிகளோடு சேர்ந்து நிதி வைத்து நடத்துகின்றன. மருந்து விலை ஏறினால் முதலில் கரைவது அந்த நிதி. கூலி உயர்வாக வீட்டுக்கு வர வேண்டிய பணம் மருந்துக் கணக்கில் போய்விடும். விலைக்குக் காவல் நிற்பதும் அந்த விலையைக் கட்டுவதும் ஒரே ஆள். 2022-இல், முதியோருக்கான மெடிகேர் காப்பீடு மருந்து நிறுவனங்களோடு விலை பேசலாம் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தபோது, தொழிற்சங்க இயக்கத்தின் பெரும்பகுதி அதை வரவேற்றது. இந்தக் கூட்டணியோ விலைக் கட்டுப்பாட்டை எதிர்க்கும் பக்கத்திலேயே நின்றது. பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அந்த மறுபாதியை இந்த மலைக்கு ஏற்றிக்கொண்டு வர வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள். அறம் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் மலையில் மருந்து சார்ந்த வேலைகள் போன கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். விலைக் கட்டுப்பாடு எதிலும் குற்றவாளி இல்லை.

நடுவட்டத்திலிருந்து தொடங்குகிறேன். 1860-இல் ஆங்கிலேய அதிகாரி கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து சிங்கோனா என்ற மருந்து மரத்தைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தெடுத்தார். மலேரியாவுக்கு அன்று உலகத்தில் இருந்த ஒரே நம்பகமான மருந்து அந்த மரத்தின் பட்டையிலிருந்து வரும் கொய்னா. தோட்டமும் பட்டையிலிருந்து மருந்து எடுக்கும் ஆலையுமாக நடுவட்டம் ஒரு மருந்து ஊராகவே ஆனது. மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் அங்கே வேலை செய்தார்கள். நம் மாவட்டத்தின் முதல் மருந்துத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் சிறையிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் என்பதை எந்த வாயில் கூட்டத்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நீலகிரியில் பெரும்பாலும் ஊன்றியது சிவப்புப் பட்டை வகை. நன்றாக வளரும், கொய்னா குறைவாகத் தரும். 1865 வாக்கில் சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் பொலிவியாவிலிருந்து கிடைத்த வேறொரு விதையை லண்டனில் விற்கப் பார்த்தார். ஆங்கிலேய அரசு வேண்டாம் என்றது. டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் நட்டார்கள். அந்த மரத்தில் கொய்னா பல மடங்கு இருந்தது. உலகச் சந்தை ஜாவாவுக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ஜாவா ஜப்பானியர் கைக்குப் போனபோது நம் சிங்கோனாவுக்குச் சிறிது காலம் மதிப்பு திரும்பியது. போர் முடிந்ததும் ஆலையில் தயாராகும் குளோரோகுயின் வந்தது. பிறகு எந்த அரசு ஆணையாலும் மீட்க முடியாத நிலை.

கவனியுங்கள்: சரிவு ஒரு இரவில் வரவில்லை. லெட்ஜர் விதையிலிருந்து குளோரோகுயின் பரவும்வரை ஏறத்தாழ எண்பது ஆண்டுகள். அவ்வளவு காலமும் பட்டை உரித்தவர்களுக்கு வேறு எந்தத் தொழிலும் கற்றுத்தரப்படவில்லை. பின்னாளில் சிங்கோனா நிலங்கள் தேயிலைக்கு மாறி, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்க உருவான அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் கைக்குப் போயின. மருந்து எடுத்த மண்ணில் இன்று கொழுந்து எடுக்கிறார்கள். அந்தக் கொழுந்துக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்காமல் மலை முழுக்கப் புலம்பல்.

உதகையின் இந்து நகரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குடியிருப்புகளைக் கடந்து போகாதவர் உங்களில் யாரும் இருக்க முடியாது. அங்கே 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்தி ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், சினிமாவுக்கும் புகைப்படத்துக்கும் மட்டுமின்றி அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிலிமுக்கும் முக்கியமான ஆதாரம். பெருங்கடன், இறக்குமதிப் போட்டி, கடைசியில் டிஜிட்டல். 1990-களில் நலிவுற்ற நிறுவனங்களின் பட்டியலுக்குப் போனது, 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்ததோடு ஏறக்குறைய முடிந்தது. அத்தனை ஆண்டுகளும் சங்கங்கள் போராடியது நிலுவைச் சம்பளத்துக்காக. நியாயமான போராட்டம். ஆனால் மருத்துவமனை எக்ஸ்ரே அறையில் பிலிம் போய்த் திரை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே பேச ஒரு மேசை அங்கே இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

குன்னூருக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பேச்சுக்கு நேரடியான பாடம் இருக்கிறது.

1907-இல் திறக்கப்பட்ட பாஸ்டியர் நிறுவனம் இந்த ஊரின் அடையாளங்களில் ஒன்று. நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தை நாடு 2004 முடிவில் கைவிட்டது. அதற்குள் குன்னூரில் திசு வளர்ப்பு முறையில் நாய்க்கடித் தடுப்பூசி தயாராகிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான முத்தடுப்பூசியும் இங்கிருந்து நாடெங்கும் போனது. கசௌலி, சென்னை கிண்டி, குன்னூர் என்ற மூன்று அரசு நிறுவனங்களும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தின் தேவையில் பெரும்பங்கைக் கொடுத்தன.

2008 ஜனவரியில் மூன்றின் உற்பத்தி உரிமமும் நிறுத்தி வைக்கப்பட்டது. நல்ல உற்பத்தி நடைமுறைகளை அவை பின்பற்றவில்லை என்பது காரணம். அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்பது ஊரில் இன்றும் திண்ணைப் பேச்சு. அரசு தனியாரிடமிருந்து வாங்கத் தொடங்கியது. தட்டுப்பாடு வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு கேள்வி கேட்டது, உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது, 2010 பிப்ரவரியில் நிறுத்தம் விலக்கப்பட்டது. ஜாவித் சவுத்ரி தலைமையிலான குழு இந்நிறுவனங்களை மீண்டும் நிமிர்த்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. நிறுத்த ஒரு கடிதம் போதுமாக இருந்தது. புதிய தரத்தில் கட்டடம் எழுப்பப் பல ஆண்டுகள் பிடித்தன.

மூடியது சதி என்று சொன்னவர்கள் உண்டு. தனியாருக்கு வழிவிடத்தான் இவ்வளவும் என்றார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாதத்துக்காக அதை அப்படியே ஒப்புக்கொண்டாலும், எதிராளியின் கையில் ஆயுதத்தைக் கொடுத்தது எது? மருந்துச் சட்ட விதிகளின் எம் அட்டவணை, அதாவது ஆலையின் காற்று, நீர், தரை, கதவு, ஆவணம் எல்லாவற்றுக்கும் விதி சொல்லும் அந்தப் பகுதி, 2001-இலேயே திருத்தப்பட்டுவிட்டது. இடையில் ஆறு ஆண்டுகள். ஊசிமருந்து நிரப்பும் அறையின் காற்றழுத்தம் சரியில்லை என்பது தில்லியிலிருந்து வரும் ஆய்வாளருக்கு முன்பே அந்த அறையில் நிற்பவருக்குத் தெரியும். இது எந்த ஆலைக்கும் பொருந்தும் விஷயம். தெரிந்ததைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், சொன்னால் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதி வேண்டும், கேட்டதைச் செய்யப் பணம் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும். சங்கமும் நிர்வாகமும் கைகோப்பது என்றால் எனக்கு இதுதான் அர்த்தம்.

அதே எம் அட்டவணை 2023 டிசம்பரில் மறுபடியும் கடுமையாக்கப்பட்டது. சிறு, நடுத்தர ஆலைகளுக்குக் கெடு 2025 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. கெடுவை இன்னும் நீட்டுங்கள் என்று முதலாளிகள் கேட்பதும், ஆலை மூடினால் வேலை போகுமே என்று சங்கங்கள் பின்பாட்டுப் பாடுவதும் இனி நடக்கக்கூடிய காட்சி. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

ஏன் என்று கேட்டால், 2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு அதில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் ஆய்வகம் கண்டது 48.6 சதவீதம். அந்த வாரம் என் கடைக்கு வந்த தாய்மார்கள் எந்தப் பாட்டிலை எடுத்துக் காட்டினாலும் எங்கே செய்தது என்று கேட்டார்கள். தமிழ்நாடு என்று சொல்லத் தயங்கினேன். அந்த ஒரு சிற்றாலையால் பெயர் கெட்டது இந்த மாநிலத்தின் நேர்மையான ஆலைகள் எல்லாவற்றுக்கும்தான். அங்கே வேலை செய்பவர்களின் வேலைக்கு அதைவிடப் பெரிய அச்சுறுத்தல் எந்த விலைக் கட்டுப்பாட்டு ஆணையிலும் இல்லை.

மூலப்பொருள் பீப்பாயைத் திறந்து கலவைக் கலனில் ஊற்றுவது ஒரு தொழிலாளியின் கை. அந்தப் பீப்பாய்க்குச் சோதனைச் சீட்டு இல்லையென்றால் ஊற்றமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். அப்படி நிறுத்தினால் அன்றைய கூலி போகக் கூடாது, உற்பத்தி ஊக்கத்தொகை குறையக் கூடாது, மறுநாள் ஒப்பந்ததாரர் 'நாளை முதல் வர வேண்டாம்' என்று சொல்லக் கூடாது. நீங்கள் போடப்போகும் ஒப்பந்தத்தில் வேறு எது விட்டுப்போனாலும் இந்த ஒரு பிரிவு விடுபட வேண்டாம்.

ஒப்பந்ததாரர் என்று சொன்னதும் சங்கத் தோழர்கள் சிலர் வேறு பக்கம் பார்ப்பார்கள் என்று தெரியும். நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கம், நிரந்தரத் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தம், நிரந்தரத் தொழிலாளர்களின் போனஸ் என்றே நெடுங்காலம் நடந்துவிட்டது. ஆலையின் உள்ளே கழுவுவது, அடுக்குவது, அட்டைப்பெட்டியில் போடுவது, பல இடங்களில் கலப்பதும் நிரப்புவதும்கூட, ஒப்பந்தத் தொழிலாளர் கையில் போய்விட்டது. அவர்களை விட்டுவிட்டு 'வேலைப் பாதுகாப்பு' என்று எழுதினால் யாருடைய வேலை என்று நான் கேட்பேன். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, 300 பேருக்குக் குறைவான ஆலையை மூட அரசின் முன்னனுமதி வேண்டியதில்லை. முன்பு அந்த வரம்பு 100. நம் வட்டாரத்தின் பெரும்பாலான மருந்து ஆலைகள் இனி ஒரு நோட்டீசில் மூடக்கூடியவை. சட்டம் விட்டுவிட்ட இடத்தை ஒப்பந்தத்தால் நிரப்பச் சங்கங்களுக்கு இப்போது காரணம் இருக்கிறது: மூடுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், வேறு வரிசைக்கு மாறப் பயிற்சிக்கு யார் செலவு செய்வது என்பதையெல்லாம் அங்கே எழுதலாம்.

மருந்து விற்பனைப் பிரதிநிதிகளை மறந்துவிடாதீர்கள். 1963-இலிருந்து அகில இந்திய அளவில் சங்கமாகத் திரண்டவர்கள் அவர்கள். போராடி 1976-இல் தங்களுக்கென்று ஒரு சட்டமே பெற்றார்கள். அந்தச் சட்டம் இப்போது புதிய தொகுப்புக்குள் கரைந்துவிட்டது. மாத விற்பனை இலக்கை எட்டவில்லை என்று வேலை இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கடைசி வாரத்தில் வந்து, 'இன்னும் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதம் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்' என்று கெஞ்சுவார்கள். அந்த இரண்டு பெட்டி யாருக்கும் தேவைப்பட்டதில்லை. மருத்துவர்களுக்குப் பரிசும் பயணமும் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் சீரான விற்பனை நடைமுறை விதி வந்திருக்கிறது. இலக்கைக் குறைக்காமல் அந்த விதியை மட்டும் வைத்துக்கொண்டால் நெருக்கடி மொத்தமும் பிரதிநிதியின் தலையில் விழும். இதைப் பேச உங்கள் மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

நிர்வாகத்தாரே, உங்களிடம் நேராக ஒன்று கேட்கிறேன். விலை உயர்வு இல்லாவிட்டால் ஆட்குறைப்புத்தான் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் கணக்குப் புத்தகத்தைக் காட்டிவிட்டுச் சொல்வீர்களா? அரசின் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்ற உங்களுக்கு இப்போதே அனுமதி உண்டு. பட்டியல் மருந்துகளும் ஆண்டுதோறும் மொத்த விலைக் குறியீட்டின்படி நகர்கின்றன. அப்படி ஏறிய ஆண்டுகளில் எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமானார்கள் என்று சொல்லுங்கள். தொழிலாளர் நிர்வாகத்தில் பங்கேற்க வேண்டும் என்று 1976-இலேயே அரசியலமைப்பில் 43ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அரை நூற்றாண்டாக அது ஏட்டுச் சுரைக்காய். கூட்டணி வேண்டும் என்று நீங்களே கேட்கும் இந்த நேரம்தான் அதைக் கறிக்குக் கொண்டுவர வாய்ப்பு.

இரு தரப்பும் சேர்ந்து நின்று கேட்க வேண்டியவை இல்லாமல் இல்லை. அவை விலையைவிடப் பெரியவை. செங்கல்பட்டில் அரசுப் பணத்தில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் ஆண்டுக்கணக்கில் உற்பத்தியின்றிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கொரோனா நாட்களில் முதலமைச்சரே நேரில் போய்ப் பார்த்தும் அது அசைந்துகொடுக்கவில்லை. பென்சிலின் போன்ற அடிப்படை மருந்துகளை இங்கேயே செய்த நாடு, மலிவான சீனச் சரக்குக்கு முன் அந்த ஆலைகளை இழந்துவிட்டு, 2020-இல் மூலப்பொருள் உற்பத்திக்கு ஊக்கத்தொகை என்று புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் பொதுத்துறை மருந்து நிறுவனமான ஐடிபிஎல்லை மூட முடிவெடுத்தார்கள். ஆனால் பெங்களூரில் கர்நாடக ஆண்டிபயாடிக்ஸும் ஆலப்புழையில் கேரள அரசின் மருந்து நிறுவனமும் இன்னும் ஓடுகின்றன. அரசு மருத்துவமனைகள் அவற்றிடம் வாங்குவது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வாங்குவது என்றதும் நம் மாநிலத்தின் மருத்துவப் பணிகள் கழகத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1994-இல் உருவான அந்தக் கழகத்தின் கொள்முதல் முறையை மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகின்றன. முதலில் தொழில்நுட்பத் தகுதி, பிறகு விலை என இரண்டு டெண்டர் உறைகள். இரண்டாவது உறையில் குறைந்த விலை வெல்லும். அந்தக் குறைந்த விலை யார் வயிற்றிலிருந்து வருகிறது என்று முதல் உறை கேட்பதில்லை. கலக்கும், நிரப்பும், சோதிக்கும் இடங்களில் நிரந்தர ஊழியர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன பயிற்சி, கடந்த ஆண்டு எத்தனை பேட்ச் ஆலையிலேயே நிறுத்தப்பட்டது என்ற கேள்விகளையும் அந்த முதல் உறையில் சேர்க்கச் சொல்லிச் சங்கமும் நிர்வாகமும் ஒரே மனுவில் கையெழுத்திட்டால், அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போக நானும் பஸ் ஏறுவேன். ஒழுங்காகத் தொழில் செய்யும் நிறுவனத்துக்கு அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. ஒழுங்கில்லாதவனோடு விலையில் மோதித் தோற்கும் அவலம்தான் ஒழியும்.

உதகையில் மருந்தியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்து முடிக்கும் நம் மலைப் பிள்ளைகள் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டுகிறார்கள். அதில் தவறில்லை. திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு இங்கே இருப்பது என் கடை மாதிரி கடைகளும் நாலைந்து பணியிடங்களும் மட்டும் என்பதுதான் வருத்தம். ஆறு ஏழு ஆண்டுகள் ஆலையில் தரக் கட்டுப்பாட்டைக் கற்ற ஒரு பெண் திரும்பி வந்து என் கடையில் மாத்திரை எண்ணுகிறார். அவருக்குக் கொடுக்க என்னிடம் அதற்கு மேல் வேலை இல்லை.

பழனி மலைப் பக்கம் ஒரு கதையும் உங்கள் மேசையில் இருக்கட்டும். அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து 1983-இல் பெயர்த்துக் கொண்டுவந்த தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலில் ஓடியது. காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்கள், உள்ளே பாதரசம். மலையில் வேறு வேலை அரிது என்பதால் ஆவியைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்தார்கள். 2001-இல் ஆலை மூடியது. பாதரசக் கழிவு காட்டோரத்தில் கிடந்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போனதும் வெளியே வந்த பிறகுதான் அது நடந்தது. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் குடும்பங்களுக்கும் சமரசத் தீர்வு கிடைத்தது 2016-இல். வேலையா உடம்பா என்று தொழிலாளியிடம் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எந்த ஒப்பந்தத்தையும் அந்த ஊர் மக்களிடம் ஒருமுறை படித்துக்காட்டிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள்.

நடைமுறைக்காகச் சிலவற்றைக் கேட்டு முடித்துக்கொள்கிறேன். கூட்டுக் குழு அமைத்தால் அதில் பாதிப்பேராவது உற்பத்தித் தளத்தில் நிற்பவர்களாக இருக்கட்டும். தலைமை அலுவலக மனிதவளத்தாரும் மாநிலச் சங்கத் தலைவர்களும் மட்டும் உட்கார்ந்தால் பழைய பேச்சே நடக்கும். ஆண்டுக்கு ஒரு முறை, அடுத்த ஐந்தாண்டில் எந்த மருந்து, எந்த வரிசை வழக்கொழியும் என்று நிர்வாகம் எழுத்தில் சொல்லட்டும். மருந்து விலையை ஏற்றக் கோரிக் கூட்டு மனு எதுவும் இந்தக் குழுவின் பெயரில் போகாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நிறுவனம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும், அது அவர்கள் உரிமை.

ஒப்பந்த வரைவு ஆங்கிலத்தில் மட்டும் வேண்டாம். தமிழில் அச்சிட்டு ஆலை வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில், இரவுப் பணி முடிந்து போகிறவரும் படிக்கும் உயரத்தில் ஒட்டுங்கள். மருந்துக் கடைகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினால், இருப்பில் இல்லாத மருந்துகளின் பட்டியலுக்குப் பக்கத்தில் என் கடைக் கண்ணாடியிலும் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூர் மருந்துக் கடைக்காரர் ஒருவர்